லாரியில் படுத்துப் பார்த்த நர்சம்மா

திண்டிவனத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டி வாசலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க லாரியின் பின்தட்டில் ஏறி, வெறும் பலகைமேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, "ம், எடுப்பா வண்டிய" என்று சொன்ன பெண்பிள்ளை எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அந்த லாரியை ஓட்டியவன் நான்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முந்திய காலம். லாரி என்பதே அப்போது ஊருக்குப் புதுசு. மூட்டை ஏற்ற வந்த வண்டியில் மனுஷன் ஏறினாலே நின்று பார்ப்பார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பொம்பளை ஏறி, கால் நீட்டிப் படுத்தால் கேட்க வேண்டுமா? மண்டியில் மூட்டை தூக்குகிற ஆள் ஒருவன், "இன்னாம்மா, ஊட்டுல பாய் இல்லியா?" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். சிரிப்பைக் கேட்காமலிருக்க மூடினார் என்று அன்றைக்கு நினைத்தேன். அப்படியில்லை. வண்டி நகர்ந்ததும் முதுகில் எங்கே என்ன படுகிறது என்று கவனிப்பதற்காக மூடியிருந்தார்.

ஊருக்கு வெளியே செஞ்சி ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ். கன்னியாஸ்திரி அல்ல, சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். வெள்ளைப் புடவை, முழங்கை வரை ரவிக்கை, கறுப்புக் கயிற்றில் கோத்த சின்னச் சிலுவை. நல்ல உயரம். உயரமான பெண்கள் பலபேர் அந்த உயரத்துக்கு வெட்கப்பட்டதுபோலக் கூனி நடப்பார்கள். இவர் அப்படி நடக்க மாட்டார். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் நர்சம்மா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முதல்முதலாக அவரை நான் பார்த்தது வல்லத்துக்குப் பக்கத்தில், நடு ரோட்டில். மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு மாட்டுவண்டி அச்சு முறிந்து சாய்ந்து கிடந்தது. ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர் நின்றார். ஹாரன் அடித்தேன், நகரவில்லை.

"தம்பி, வலி கண்ட பொண்ணு. ரெண்டு நாளா கஷ்டப்படுது. ஏத்திக்கினு போவணும்."

"மூட்டை இருக்குதுங்களே."

"மூட்டை மேலயே ஏத்துறேன். நீ மட்டும் மெதுவா போ."

முதலாளி திட்டுவாரே என்ற பயம் எனக்கு. ஆனால் சாய்ந்த மாட்டுவண்டிக்குள்ளிருந்து வந்த முனகலைக் கேட்ட பிறகு மறுக்க வாய் வரவில்லை. நாலு பேராகப் பிடித்து அந்தப் பெண்ணை மூட்டைகள்மேல் கிடத்தினோம். நர்சம்மாவும் ஏறி உட்கார்ந்தார். நிறைபாரம், ஆகவே வண்டி அலுங்காமல் வந்தது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிழைத்தாள் என்று மறுநாள் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த முறை அதே ரோடு, அதே லாரி, அதே நான். செஞ்சியில் மூட்டையை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பியபோது மறுபடி அவர் வழிமறித்தார். சின்னப் பெண், பதினாறு பதினேழு வயதிருக்கும். பலகையில் வைக்கோலைப் பரப்பிப் படுக்க வைத்தோம். காலி லாரி எப்படிப் போகும் என்று ஓட்டியவனுக்குத்தான் தெரியும். பாரம் தாங்குவதற்கென்று போட்ட ஸ்பிரிங். பாரம் இல்லாவிட்டால் கல்லு மாதிரி நிற்கும். சின்னப் பள்ளம் வந்தாலும் வண்டி எகிறும். மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினேன். அப்படியும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தப் பெண்ணின் சத்தம் முன்னால் எனக்குக் கேட்டது. ஊர் நெருங்கும்போது சத்தம் நின்றது. வலி விட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குலுக்கலால் அவள் சாகவில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்கள். வீட்டிலேயே ரத்தம் நிறையப் போயிருந்ததாம். பல்லக்கில் தூக்கிவந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாளாம். இதை நர்சம்மாவிடம் போய்ச் சொன்னேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று. அவர் கிணற்றடியில் தன் புடவையிலிருந்த ரத்தத்தைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"செத்தது வேற தம்பி. அது ஆண்டவர் கையில. ஆனா கடைசி வரிக்கும் குலுங்கிக்கினே போச்சே அந்தப் பொண்ணு. 'அம்மா, கொஞ்சம் நிறுத்தச் சொல்லு, கொஞ்சம் நிறுத்தச் சொல்லு'ன்னு கேட்டுக்கினே இருந்திச்சி. நிறுத்துனா லேட்டாவும்னு நான் நிறுத்தச் சொல்லல."

அதன் பிறகுதான் படுத்துப் பார்க்கிற பழக்கம் வந்தது. கடைவீதியில் எந்த லாரி நின்றாலும் போய் டிரைவரிடம் கேட்பார். "தம்பி, கொஞ்ச தூரம் போய்ட்டு வரலாமா? நான் பின்னாடி படுத்துக்கறேன்." சிலர் ஏற்றிக்கொள்வார்கள். சிலர், "பைத்தியம்மா, பேஜாரு பண்ணாத" என்று விரட்டுவார்கள். புதுச்சேரி வண்டி, மெட்ராஸ் வண்டி, கல்லு ஏற்றும் வண்டி என்று எதையும் விட்டதில்லை. இறங்கி வந்து புடவையைத் தட்டிக்கொண்டே சொல்வார்: "இது இடுப்புல அடிக்குது." "இது பரவால்ல, ஆனா தலையில டங்குடங்குன்னு தெரியுது." "இவன் வண்டி நல்ல வண்டி. ஆனா இவன் ஓட்டறது சரியில்ல."

இதையெல்லாம் எதற்காகச் சேர்த்துவைக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆஸ்பத்திரியிடம் ஒரு சைக்கிளுக்குமேல் வண்டி கிடையாது.

பிறகு அதற்கும் ஒரு காலம் வந்தது. சீமையிலிருந்து யாரோ ஒரு புண்ணியவாட்டி, வண்டி வாங்க என்று ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்பியிருந்தாள். ஆஸ்பத்திரித் தலைவியை நாங்கள் மதர் என்போம். பிரெஞ்சுக்காரர். புத்தகத்தில் படித்த தமிழை ஒரு எழுத்து குறையாமல் பேசுவார். அவர் எழுதிப்போட, மெட்ராசிலிருந்து ஒரு ஏஜெண்டு இரண்டு லாரிகளை ஓட்டிவரச் செய்து காட்ட வந்தார். நல்ல டிரைவர் ஒருவன் கூட இருந்தால் தேவலை என்று நர்சம்மா என் முதலாளியிடம் கேட்டு என்னை அழைத்துப்போனார்.

ஒன்று அமெரிக்கா வண்டி. நீளம். ஸ்பிரிங் பட்டைகளும் நீளம், மெல்லிசு. விலை அதிகம், பெட்ரோலும் கூடக் குடிக்கும். மற்றது இங்கிலீஷ் வண்டி. குட்டை, கெட்டி. விலை குறைவு, செலவும் குறைவு. ஏஜெண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு மதருக்கு எல்லாவற்றையும் நீளமாக விளக்கினார். இரண்டிலுமே சவாரி பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும் என்றார்.

"யாருக்கு?" என்று கேட்டார் நர்சம்மா.

"முன்னாடி உக்கார்றவங்களுக்கும்மா."

"நாங்க ஏத்திக்கினு வர்ற பொண்ணுங்க முன்னாடி உக்கார மாட்டாங்களே."

டிரங்க் ரோட்டில் விழுப்புரம் பக்கம் கொஞ்ச தூரம் ஓட்டிக்காட்டுகிறேன் என்று ஏஜெண்டு சொன்னார். நர்சம்மா ஒப்பவில்லை. அந்த ரோடு நல்ல ரோடு, அதில் எந்த வண்டியும் நன்றாகத்தான் போகும், ஓமந்தூர் பக்கம் ஏரிக்கரையில் ஒரு வண்டிப்பாதை இருக்கிறது, அங்கே வாருங்கள் என்றார். போனோம். முதலில் நீள வண்டியில் ஏறிப் படுத்தார், பிறகு குட்டை வண்டியில். மறுபடி நீள வண்டியில். மதர் கரைமேல் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். ஏஜெண்டு என்னிடம், "லாரி வாங்குறவங்க இஞ்சின் பாப்பாங்க, டயர் பாப்பாங்க. படுத்துப் பாக்கறத இங்கதாம்ப்பா பாக்கறேன்" என்று முணுமுணுத்தார்.

நர்சம்மா இறங்கிவந்து மதரிடம் சொன்னார்: "குட்டை வண்டி தூக்கித் தூக்கிப் போடுதும்மா. எலும்புல அடிக்குது. நீள வண்டி தொட்டிலாட்டம் ஆட்டுது. ரொம்ப ஆட்டுனா வாந்தி வரும். வந்தா வரட்டும், தொடச்சிக்கலாம்."

"எல்லா லாரியும் கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும்" என்றார் ஏஜெண்டு.

"ஐயா, நீங்களும் ஒரு தரம் படுத்துப் பாருங்க."

அவர் சிரித்தார். மதர் சிரிக்கவில்லை. "படுங்கள்" என்றார். வேறு வழியில்லாமல் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, குட்டை வண்டியில் ஏறிப் படுத்தார். நானே ஓட்டினேன். வேண்டுமென்று எந்தப் பள்ளத்திலும் விடவில்லை. விட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கரைக் கோடிவரை போய்த் திரும்பி வந்து நிறுத்தினேன். மனுஷன் எழுந்து, பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையெல்லாம் புழுதி. இறங்கியதும் நர்சம்மாவிடம் மட்டும் மெல்லச் சொன்னார்:

"என் ஊட்லயும் மாசமாத்தாம்மா இருக்கா. நீளத்தையே வாங்குங்க."

ஆனால் இருந்த பணம் குட்டை வண்டிக்குத்தான் பற்றும். மதர் நர்சம்மாவின் தோளில் கை வைத்தார். "நமக்கு இருப்பது இவ்வளவுதான், மகளே. பெரிய வண்டியை வாங்கிவிட்டுப் பெட்ரோல் ஊற்ற முடியாமல் நிறுத்திவைத்தால் யாருக்குப் பயன்?"

மதர் சொன்னதில் தப்பு இல்லை. நர்சம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "சரிங்கம்மா" என்றார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பாரம் ஏற்றினால் குட்டை வண்டியும் அடங்கிப்போகும், மணல் மூட்டை போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னேன். மணலைச் சுமப்பதற்குப் பெட்ரோலா என்று மதர் முதலில் அதிர்ந்துபோனார். பிறகு, நீள வண்டி குடிக்கிற பெட்ரோலைவிடக் குறைவுதான் என்று யோசித்துச் சம்மதித்தார். குட்டை வண்டியே வந்தது.

அடுத்த நாளே ஓடைக்குப் போய்க் கோணியில் மணல் அள்ள ஆரம்பித்துவிட்டார் நர்சம்மா. வாயைத் தைத்ததும் அவரே. மூட்டையின் மேல் வைக்கோல், அதன்மேல் பழைய ஜமக்காளம். எல்லாம் ஆன பிறகு படுத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது தம்பி" என்றார். அதற்குப் பிறகும் டிரங்க் ரோட்டில் அந்த அமெரிக்கா வண்டி மாதிரி ஒன்று எதிரே போனால், தூரத்தில் மறைகிறவரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். குட்டை வண்டியைக் குறை சொல்லி மட்டும் ஒரு வார்த்தை வந்ததில்லை.

மண்டி வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வண்டிக்கே டிரைவராக வந்துவிட்டேன். சம்பளம் குறைச்சல்தான். எனக்கும் யாரும் இல்லை. ஆத்தா போன பிறகு லாரிதான் வீடு என்று இருந்தவன். ஆஸ்பத்திரிக் கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டில் கொடுத்தார்கள், கன்னியாஸ்திரிகள் மடத்திலிருந்து சோறும் வந்தது. எனக்கு அது போதும்.

வருஷக்கணக்காக ஒரே வண்டியில் போய்வந்தும் நர்சம்மாவோடு நான் பேசியது கொஞ்சம்தான். நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பலகையை லேசாகத் தட்டினால் மெதுவாகப் போ. விடாமல் தட்டினால் நிறுத்து. அந்தச் சத்தத்தைக் கேட்டே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வேன். சில நாள் தட்டு நின்றுபோய், திடீரென்று சின்னக் குழந்தையின் அழுகை கேட்கும். அப்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்கி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

திரும்பிப் போகும்போது வண்டியில் யாரும் இல்லாவிட்டாலும் அவர் முன்னால் வர மாட்டார்.

"முன்னாடி வந்து உக்காருங்களேன். வெய்யிலாவது படாது" என்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

"இல்ல தம்பி. நான் இங்கியே இருக்கறேன். எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சாத்தானே அங்க துணி வெக்கலாம்."

ஓமந்தூரைத் தாண்டி ஒரு கிராமம். ஒரு தரம் அந்த வழியாக வரும்போது பலகையைத் தட்டி நிறுத்தினார். அங்கே ஒரு வீட்டில் போன வருஷம் எங்கள் வண்டியில் வந்து பெற்றவள் இருந்தாள். குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றார். நானும் கூடப் போனேன். வீட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய் வாசற்படியில் நின்றாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இறங்கி வரவில்லை. மாமியார் பக்கத்தில் நின்றாள். குழந்தையை நர்சம்மா கையில் கொடுக்கவில்லை. தண்ணீர் கேட்டபோது, ஒரு கிழவி செம்பிலிருந்து அவர் கையில் ஊற்றினாள். எட்ட நின்று, செம்பு கைமேல் பட்டுவிடாமல். குனிந்து குடித்தார். அந்தக் கைதான் ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழந்தையின் தலையை வெளியே எடுத்த கை.

வண்டிக்கு வந்ததும், "இதுக்கா நின்னோம்?" என்றேன்.

"கொழந்தை நல்லா எடை போட்டிருக்குது, பாத்தியா?" என்றார். பின்கதவைத் தூக்கிச் சாத்திக்கொண்டார். திண்டிவனம் வரும்வரை ஒரு தட்டும் இல்லை.

யுத்தம் வந்தது. பெட்ரோல் அளந்து கொடுத்தார்கள், பிறகு அதுவும் இல்லை. எல்லா வண்டிக்கும் செய்ததுபோல எங்கள் வண்டிக்கும் கரி அடுப்புக் கட்டினார்கள். கரியைப் புகையவிட்டு, அந்தப் புகையில் இஞ்சினை ஓட்டுவது. இழுவை பாதியாகிவிட்டது. சின்ன மேடு வந்தாலும் வண்டி திணறும். மணல் மூட்டையோடு ஒரு நாள் வல்லத்து மேட்டில் ஏற முடியாமல் நின்றே போய்விட்டது. உள்ளே வலியில் ஒரு பெண். நானும் அவளுடைய அண்ணனுமாக மூட்டைகளை இழுத்து ரோட்டோரம் தள்ளினோம். நர்சம்மா தன் கையால் தைத்த மூட்டைகள். பாரம் போனதும் வண்டி ஏறிவிட்டது. மேடு தாண்டி இறக்கத்தில் வண்டி எகிற ஆரம்பித்தது. காலி வண்டியின் எகிறல்.

சத்தம் வரும் என்று காத்துக்கொண்டே ஓட்டினேன். வரவில்லை. தட்டும் வரவில்லை. எனக்குப் பழைய பயம் பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

நர்சம்மா பலகையில் மல்லாந்து படுத்திருந்தார். அவர் மேலே அந்தப் பெண், முதுகு அவர் மார்பில் பட, தலை அவர் தோளில் சாய. இரண்டு கையாலும் அவளை அணைத்துப் பிடித்திருந்தார். பெண் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வலிக்கும் வலிக்கும் நடுவே கொஞ்சநேரம் அப்படித் தூக்கம் வரும் என்பார்கள். பள்ளம் அடிக்கும்போது பலகை நர்சம்மாவை அடித்திருக்கிறது; அவளுக்கு எட்டவில்லை.

"ஏன் நிறுத்துன?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார். "தூங்குது. ஜல்தி போ."

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நானும் எவ்வளவோ சொன்னேன். மதரும் சொன்னார். மெத்தை தைத்தும் கொடுத்தார்கள். மெத்தையை அடியில் போட்டுக்கொண்டு அதன்மேல் இவர், இவர்மேல் நோயாளி. "மெத்தைக்குப் பள்ளம் வர்றது தெரியாது தம்பி. எனக்குத் தெரியும். வர்றதுக்கு முன்னாடியே இறுக்கிப் புடிச்சிக்குவேன்" என்றார். கன்னியாஸ்திரிகளில் சின்னவர்கள் இதை ஏதோ தவம் மாதிரி பேசிக்கொண்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கும் பிடித்திருக்காது. ஏதோ ஒரு உடம்பு தன்னை ஒட்டிக்கொண்டு தூங்குவது அவருக்கும் வேண்டியிருந்ததோ என்று ஒரொரு சமயம் எனக்குத் தோன்றும். அவர் அறையில் ஒரு கட்டிலும், ஒரு பெட்டியும், ஒரு நாற்காலியும்தான். அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பட்டாளத்துக்கென்று வண்டிகளை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வண்டியும் போனது. ஆஸ்பத்திரி பழையபடி மாட்டுவண்டியை நம்பி நின்றது. நான் பஸ்ஸுக்குப் போய்விட்டேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் ஓடுகிற கரி பஸ். எப்போதாவது கடைவீதியில் நர்சம்மாவைப் பார்ப்பேன். நடை மாறியிருந்தது. ஒரு கையை இடுப்பில் கொடுத்துக்கொண்டு நடந்தார். அந்த உயரம் குறைந்துவிட்டிருந்தது.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் அவர் என் பஸ்ஸில் ஏறினார். கையில் ஒரு தகரப் பெட்டி, இன்னொரு கையில் துணி மூட்டை. வெள்ளைப் புடவை இல்லை. கரை போட்ட புடவை கட்டியிருந்தார். எனக்கு ஆள் யார் என்று தெரியவே கொஞ்சநேரம் ஆயிற்று. உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் முதுகு விடாது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பின்னாலேயே நின்றார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"முகையூருக்கு அந்தாண்ட."

"அங்க யாரு?"

மயிலம் ரோடு பிரிகிற இடம் தாண்டிய பிறகுதான் சொன்னார். "எம் பொண்ணு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை வருஷம் இவருடைய வண்டியை ஓட்டினவன் நான். என் தலைக்குப் பின்னால், மற்ற யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். புருஷன் செத்தபோது குழந்தைக்கு இரண்டு வயசு. கண்டவர்களின் ரத்தத்தில் கை வைக்கிற வேலைக்குப் போகிறவள் எங்கள் பெண்ணை வளர்க்க வேண்டாம் என்று புருஷனுடைய அண்ணன் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பார்க்க ஒன்றிரண்டு தரம் போனார். பிள்ளை அழுகிறது, வராதே என்றார்கள். வராமலிருந்தார். இப்போது அந்தப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம்.

"வரச் சொன்னாங்களா?"

"அது சொல்லி அனுப்பிச்சி. பொண்ணு. யார் மூலமாவோ." சிரித்தார் என்று நினைக்கிறேன், நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எல்லாம் எடுத்துக்கினுதான் போறேன். கத்திரிக்கோல், டெட்டால், துணி எல்லாம். கொதிக்க வெச்சி எடுத்தாந்துட்டேன்."

விழுப்புரத்தில் இறங்கியதும் முகையூர் போகிற வண்டி நிற்கும் இடம்வரை நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பயந்திருந்தார். நூற்றுக்கணக்கான பெண்களுக்குப் பிரசவம் பார்த்தவர், மூட்டையின் முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நடையிலும் விழுப்புரத்தில் அவரைத் தேடினேன். அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், பஸ் புறப்படுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். அதே பெட்டி, அதே மூட்டை. மூட்டையின் முடிச்சு நான் பார்த்தபடியே இருந்தது. கூட்டம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார்.

ஊர் எல்லை தாண்டியதும் கேட்டேன்.

"பொறந்துடுச்சிங்களா?"

"பொறந்துடுச்சி தம்பி. ஆம்பளப் புள்ள."

"நீங்கதானே பாத்தீங்க?"

கரி அடுப்பின் இரைச்சலில் கேட்டிருக்காதோ என்று மறுபடி கேட்க வாயெடுத்தேன்.

"அவங்க ஊர்லயே ஒரு மருத்துவச்சிய வெச்சிருந்தாங்க. வழக்கமா அந்த ஊட்டுக்குப் பாக்கறவ. என்னை உள்ள விடல. மாட்டுக் கொட்டாயில இருந்துக்கோன்னாங்க. இருந்தேன். பொண்ணு என்னைக் கூப்ட்டுச்சி. அம்மான்னு கூப்ட்டுச்சி. வலியில எல்லாப் பொண்ணுங்களும் அம்மான்னுதான் கூப்டும். ஆனா இது என்னைத்தான் கூப்ட்டுச்சின்னு எனக்குத் தோணிச்சி. செவுத்துக்கு இந்தாண்ட நின்னுக்கினு, 'இருக்கறேம்மா, இருக்கறேம்மா'ன்னு சொன்னேன். காதுல உழுந்துச்சோ இன்னாவோ."

வண்டியை ஒரே சீராக ஓட்டினேன். அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

"அப்புறம் கொழந்தை சத்தம் கேட்டுச்சி. கெட்டியான கொரலு. உடனே கத்திடுச்சி, தாமதமே இல்ல. மூச்சு நல்லா இருக்குது. ஒரு கொறையும் இருக்காது." வெளியே நின்று காதால் கேட்டதை வைத்து, ஒரு நர்ஸ் பிள்ளையைப் பார்த்துச் சொல்வதுபோல, ஒவ்வொன்றாகச் சொன்னார். "அந்த மருத்துவச்சியும் நல்லவதான் போல. தாய்க்கும் ஒண்ணும் ஆவல."

"ஒரு தரமாவது பாத்தீங்களா?"

"தீட்டுக் கழியட்டும்னாங்க. எனக்கு லீவு இல்லியே."

திண்டிவனம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தோட்டத்தில் மாடு கட்டி இறைக்கிற கமலைக் கிணறு. அங்கே நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய், வாய்க்காலில் ஓடிய தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். உள்ளே இருந்தவர்கள், "டிரைவரே, இன்னா நிறுத்திட்ட?" என்று சத்தம் போட்டார்கள். அடுப்பில் கரி தள்ளணும் என்று பொய் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற முனையில் நிறுத்தினேன். பெட்டியை வாங்கி இறக்கி வைத்தேன். கொண்டுவந்து விடட்டுமா என்றேன். பஸ்ஸில் ஜனங்கள் இருக்கிறார்களே, நீ போ தம்பி என்றார். அந்தப் பக்கம் செஞ்சி ரோட்டிலிருந்து ஒரு மாட்டுவண்டி வைக்கோல் மெத்தையோடு ஆஸ்பத்திரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே யாரோ முனகுகிற சத்தம். நர்சம்மா பெட்டியையும் மூட்டையையும் இரண்டு கையிலுமாக எடுத்துக்கொண்டு, அந்த வண்டிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுபோல, இடுப்பை இழுத்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். நான் கிளட்ச்சை மிதித்தபடி, அவர் ஆஸ்பத்திரி வாசலில் நுழைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு வண்டியை எடுத்தேன்.